பழையதும் புதியதும் ஒரே பையில்

கங்கம்மா அந்தக் கருவிப் பையைத் திறந்தது துடைத்துப் பொட்டு வைக்கத்தான். விடிந்தால் தீபாவளி எண்ணெய்க் குளியல். அதற்கு முந்தைய நாள் தும்கூரில் நீர் நிரப்பும் நாள். குளியலறை அண்டாவைத் துலக்கி, செம்மண்ணும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாகப் பூசி, கழுத்தில் ஹிண்டலகாய் என்னும் காட்டுக்காய்க் கொடியைச் சுற்றி, புதுத் தண்ணீர் நிரப்பிப் பூஜை செய்வார்கள். அண்டா இல்லாத வீடுகளில் கீசருக்குப் பொட்டும் மாலையும் நடக்கும். கீசர் ரிப்பேர்க்காரர் வீட்டில் கருவிப் பைக்கும் ஒரு பொட்டு உண்டு.

டெஸ்டர், ஸ்பேனர், டேப் சுருள் எல்லாம் அதனதன் அறையில் இருந்தன. பையின் அடியில் இரண்டு தெர்மோஸ்டாட்டுகள் கிடந்தன. ஒன்று பழையது. தண்டு முழுக்க போர்வெல் நீரின் வெள்ளைப் பொருக்கு, முனையில் கருகல். மற்றது புதியது. உறைகூடப் பிரிக்கவில்லை.

பழையது பைக்கு வந்தால் புதியது கீசருக்குள் போயிருக்க வேண்டும். இரண்டும் பையில் இருந்தால் கீசருக்குள் இருப்பது என்ன?

அவளுக்குத் தெரியும். முறுக்கிய இரண்டு வயர்கள் இருக்கும். கெட்டது தெர்மோஸ்டாட்டா, தண்ணீரைச் சுடவைக்கும் காயிலா என்று பார்க்க அவள் கணவர் ஷடக்ஷரி முப்பத்தொரு வருடமாகச் செய்வது அதுதான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வயர்களை நேராக இணைத்து, ஐந்து நிமிடம் ஓட்டுவார். தண்ணீர் சுட்டால் காயில் நல்லது என்று அர்த்தம். பிறகு முறுக்கைப் பிரித்துப் புதியதைப் பொருத்துவார். இன்று பிரிக்காமல் மூடியை மாட்டிவிட்டு வந்திருக்கிறார். போதும், நிறுத்து என்று அந்தக் கீசருக்குச் சொல்ல ஆள் இல்லை. ஸ்விட்சைப் போட்டால் கொதித்துக்கொண்டே இருக்கும்.

அப்படி ஆனாலும் காப்பாற்றுவதற்கென்று கீழே ஒரு சின்ன வால்வு உண்டு. அழுத்தம் ஏறினால் அது திறந்து தண்ணீரைச் சொட்டவிடும், ஆவியை வெளியே தள்ளும். அந்த வால்வை நினைத்ததும் கங்கம்மாவின் கை நின்றுவிட்டது.

மதியம் இரண்டரைக்கு ஒரு பெண் போன் செய்திருந்தாள். ஷடக்ஷரி போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனதால் கங்கம்மாதான் எடுத்தாள். ஒரு கையில் சீயக்காய்த் தூள். பின்னால் ஒரு கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, அண்ணா இப்பத்தான் தெர்மோஸ்டாட் மாத்திட்டுப் போனார். போனதுலேர்ந்து கீழ இருக்கிற குழாய்ல சொட்டுச் சொட்டா ஒழுகுது. நீர் நிரப்பற நாள்ல நிரப்பின பாத்திரம் ஒழுகலாமான்னு மாமியார் ஒரே புலம்பல்."

"அது அப்படித்தாம்மா சொட்டும். சூடானா தண்ணி உப்பும், உப்பினது வெளிய வரும்."

"நானும் அதைத்தான் சொன்னேன். கேக்க மாட்டேங்கறாங்க."

அன்று காலையிலிருந்து அது பதினான்காவது போன். "அவ்வளவு உறுத்தலா இருந்தா ஒரு மஞ்சள் கிழங்கைச் செருகி நூலைச் சுத்தி விடுங்க. மங்களமாவும் இருக்கும். நாளைக்கு எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பெயர் கேட்கவில்லை. வீடு எங்கே என்று கேட்கவில்லை. அடைக்கச் சொன்னது அந்த வால்வின் வாயைத்தான்.

இப்போது நாலு மணி. பூஜை முடிந்து விடியற்காலையில்தான் அண்டாவுக்கு நெருப்பு வைப்பார்கள், கீசரையும் அப்போதுதான் போடுவார்கள். அதுவரை நேரம் இருக்கிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். உடனே அந்தக் குழந்தையின் குரல் காதில் வந்தது. ஒரு மாதம்கூட ஆகாத குழந்தையின் தொண்டை அது. பச்சை உடம்புக்காரி இருக்கும் வீட்டில் வெந்நீருக்கு நாள் பார்க்க மாட்டார்கள். எந்த நிமிடமும் ஸ்விட்சைப் போடுவார்கள்.

அந்த எண்ணுக்குப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது.

ஷடக்ஷரி கொல்லையில் அண்டாவுக்குச் சுண்ணாம்புப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் கீசர் பார்க்கிறவர் வீட்டில் விறகு அடுப்பும் செப்பு அண்டாவும்தான். ஒரு பட்டை செம்மண், ஒரு பட்டை வெள்ளை. கை நடுங்கவில்லை. கொடியில் எத்தனை முடிச்சு, காயை எந்தப் பக்கம் தொங்கவிட வேண்டும் என்பதில் ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை.

"ஏங்க, இன்னிக்கு எந்த வீட்ல தெர்மோஸ்டாட் மாத்தினீங்க?"

"மாத்திட்டேன்."

"மாத்தினது சரி. எந்த வீடு?"

"அதான் மாத்திட்டேன்னு சொல்றேன்ல. முப்பது வருஷமா இதே வேலை. நீ வந்து கணக்குக் கேக்கறியா?"

அவள் இரண்டு தெர்மோஸ்டாட்டையும் அவர் முன்னால் நீட்டினாள். அவர் பழையதைப் பார்த்தார், புதியதைப் பார்த்தார். சுண்ணாம்புத் தூரிகை தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. "எந்த வீடு கங்கா?" என்று அவரே கேட்டார்.

இது இரண்டு வருடக் கதை. ஒருநாள் பட்டவாடியில் ஒரு வீட்டு வாசலில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு நாலு கிலோமீட்டர் நடந்தே வந்தார். வண்டி திருட்டுப்போய்விட்டது என்று சத்தியம் செய்தார். பெங்களூரில் டாக்டர் காகிதத்தைக் கொடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். இவர் அழகாக ஒரு வட்டம் போட்டு, முப்பதிலிருந்து எழுபத்தைந்து வரை எண்களை எழுதி, முள்ளை அறுபதில் நிறுத்தினார். தெர்மோஸ்டாட் முகப்பு. டாக்டர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து கங்கம்மா கூடவே போக ஆரம்பித்தாள். அக்காவுக்கு அண்ணாவை ஒரு நிமிஷம் பிரிய முடியவில்லை என்று வாடிக்கை வீடுகளில் கேலி செய்தார்கள். அவள் டார்ச் பிடித்தாள். பொருக்கு ஏறிய காயிலை வினிகரில் ஊறப்போட்டாள். துருவைத் தான் தின்றுகொண்டு தொட்டியைக் காக்கும் மெக்னீசியத் தண்டு கரைந்து கம்பியாகிவிட்டதா என்று பார்த்தாள். கழற்றியவை எத்தனை, மாட்டியவை எத்தனை என்று மனதுக்குள் எண்ணினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். வேலை போனால் அவர் பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். அவள் பயந்தது சோற்றுக்கு மட்டும் இல்லை, அந்தச் சுவருக்கும்தான். இன்று ஒரு நாள், பண்டிகை வேலைக்காக, அவரைத் தனியாக அனுப்பிவிட்டாள்.

ஸ்கூட்டர் சாவியை அவர் எடுக்கப் போனார். அவள் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, எதிர்வீட்டு ஆட்டோக்காரர் இம்தியாஸின் கதவைத் தட்டினாள்.

"இம்தியாஸ், வண்டியை எடு. எங்கேன்னு கேக்காதே, எனக்கே தெரியாது."

"அது நல்ல சவாரி அக்கா. தெரிஞ்ச இடத்துக்குப் போறவங்கதான் பேரம் பேசுவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினான்.

அன்று அவர் போய்வந்த ஐந்து வீடுகளில் இரண்டு அவள் குறித்துக் கொடுத்தவை. மற்ற மூன்றும் வழியில் மறித்துக் கூப்பிட்டவை. முதலில் எஸ்.எஸ். புரத்தில் ரேணுகய்யா வீடு. ஓய்வு பெற்ற தலைமை குமாஸ்தா. அங்கே குழந்தை கிடையாது என்று தெரிந்தும் போனாள். அன்றைக்கு அவளுக்குத் தன் நினைவு மீதும் நம்பிக்கை போயிருந்தது.

"என்னப்பா ஷடக்ஷரி, காலையில வந்து சரி பண்ணின, சாயங்காலம் வந்து சரியான்னு கேக்கற. பூஜைப் பொங்கல் வாசனை தும்கூர் முழுக்க அடிக்குதோ?"

"தெர்மோஸ்டாட் மாத்தினது இங்கேயா சார்?" என்றார் ஷடக்ஷரி.

"வாஷர் மாத்தினே. அதுக்கே ரெண்டு தடவை கீழ போய் ஸ்பேனரைத் தேடினே. வயசாச்சு, விட்டுடப்பா. நான் விடலையா?"

ஷடக்ஷரி தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது வீட்டில் காயில் மாற்றியிருந்தார். அங்கே தெர்மோஸ்டாட் இருந்தது, வால்வு சொட்டிக்கொண்டிருந்தது. கங்கம்மாவுக்கு அந்தச் சொட்டைக் கும்பிடலாம் போலிருந்தது.

ஐந்து மணி ஆகியிருந்தது. போன் இன்னும் அணைந்தே கிடந்தது. ஆட்டோவில் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். வாசல் என்ன நிறம்? யார் கதவைத் திறந்தார்கள்? காபி கொடுத்தார்களா? ஒவ்வொன்றுக்கும் அவர் கண்களை மூடித் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் தன் நெற்றியிலேயே அறைந்துகொண்டார்.

"அண்ணா, அழாதீங்க" என்றான் இம்தியாஸ், திரும்பிப் பார்க்காமல். "எனக்கு ஆள் முகமே ஞாபகம் இருக்காது. ஏறின இடத்தை வெச்சுத்தான் ஆளைச் சொல்லுவேன்."

கங்கம்மா சட்டென்று நிமிர்ந்தாள். இவர் என்றைக்கு வாசலை வைத்து வீட்டைச் சொன்னார்? விலாசமே எழுதிக்கொண்டதில்லை. "செப்புத் தொட்டி வீடு", "இடதுகைக் குழாய் வீடு" என்றுதான் எப்போதும் சொல்வார். தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தது.

"வீட்டை விடுங்க. கீசரைச் சொல்லுங்க. தெர்மோஸ்டாட் போன கீசர்."

அவர் முகம் மாறியது. "இருபத்தஞ்சு லிட்டர். நின்ன வாக்கு. வெள்ளை. வலது போல்ட்டுக்குக் கீழ துரு வழிஞ்சு மீசை மாதிரி இருக்கு. பச்சைத் தண்ணிக் குழாய்ல எவனோ டேப் இல்லாம சணல் சுத்தியிருக்கான். பாழாப்போனவன்."

"நீங்க எப்படி நின்னுக்கிட்டிருந்தீங்க?"

"நிக்க முடியாது. குனிஞ்சுதான். தலைக்கு மேல மாடிப்படி."

"என்ன வாசனை?"

"வசம்பு. சாம்பிராணி." அவர் கையை மூக்கருகே கொண்டுபோனார், இன்னும் ஒட்டியிருப்பதைப் போல. "நடுவுல ரயில் போச்சு. ஸ்டூல் ஆடிச்சு. ஸ்க்ரூ கீழ விழுந்துது. அதைத் தேடி எடுத்தேன். எடுத்து... மூடியை மாட்டினேன்."

அந்த இடத்தில்தான் தவறியிருந்தது. விழுந்த ஸ்க்ரூவை எடுத்தவர், விட்ட இடத்தை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

கங்கம்மாவுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வீட்டு அலமாரியில் இலையில் கட்டிய தட்டு இட்லி இருந்தது. மூன்று மணிக்கு வந்தவர் அவளுக்கென்று வாங்கி வந்தது. தட்டு இட்லிக்குப் பேர்போன இடம் கியாத்தசந்திரா. "கியாத்தசந்திராவுக்கு விடு. ரயில் பாதை ஓரம்."

இம்தியாஸ் பண்டிகைக் கூட்டத்துக்குள் ஆட்டோவை ஊசி மாதிரி செருகிக்கொண்டு போனான். பூக்கடை, பட்டாசுக் கடை, கொடி விற்கிறவர்கள் என்று எல்லாரும் அன்றுதான் சாலையில் இருந்தார்கள். லெவல் கிராசிங்கில் கேட் மூடிக் கிடந்தது. சரக்கு ரயில், ஐம்பது பெட்டிக்கு மேல். கங்கம்மா இறங்கி நின்று ஒவ்வொரு பெட்டியையும் பார்த்தாள். ஓடினால் போய்விடலாம் என்பதைப் போல ஷடக்ஷரி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி போனபோது ஐந்தரை.

பாதை ஓரத்தில் நாற்பது வீடுகளாவது இருக்கும். பாதிக்கு மேல் மாடிப்படி வைத்தவை. இனி அவர் நினைவுக்கு வேலை இல்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கங்கம்மா கேட்டாள். "இந்தத் தெருவில ஒரு மாசத்துக்குள்ள பிள்ளை பெத்த வீடு எதும்மா?"

"ஏன்க்கா, தொட்டில் போடற பாட்டுக்காரங்களா?"

"சொல்லும்மா!"

அந்தக் குரலில் அவள் எழுந்தே விட்டாள். "ரெண்டு வீடு இருக்கு. முனையில ஹெட்மாஸ்டர் வீட்ல ஒண்ணு. வேப்பமரத்துக்குப் பக்கத்துல புஷ்பலதாக்கா வீட்ல ஒண்ணு."

ஹெட்மாஸ்டர் வீடு ஒற்றை அடுக்கு ஓட்டு வீடு, மாடிப்படியே கிடையாது. கங்கம்மா வேப்பமரத்தை நோக்கி ஓடினாள். ஐம்பத்தாறு வயதில், முட்டிவலியோடு, செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு.

கதவைத் திறந்த புஷ்பலதாவின் கையில் எண்ணெய்க் கிண்ணம். அவள் சிரித்துக்கொண்டே, "வாங்கண்ணா, மறந்ததை எடுக்க வந்தீங்களா?" என்றாள்.

"கீசர் போட்டிருக்கா?"

"நாலே முக்காலுக்கே போட்டாச்சு. மருமகளுக்கு நல்லா ஆவி பறக்கக் கொதிக்க ஊத்தணும். சைத்ரா, வா கண்ணு, நீ உள்ள போய் உக்காரு."

ஒரு மணி நேரத்துக்கு மேல். மாடிப்படிக்கு அடியிலிருந்து, கல் மேல் மாட்டு வண்டி உருள்கிற மாதிரி ஓர் உறுமல் வந்துகொண்டிருந்தது. மாலையும் பொட்டுமாகக் கீசர் தொங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே வால்வின் வாயில் மஞ்சள் கிழங்கு, ஏழெட்டுச் சுற்று நூல், அதன் மேல் குங்குமம். துண்டைத் தோளில் போட்ட அந்தப் பெண் சைத்ரா குளியலறை வாசலில் கால் வைத்துவிட்டாள். குழந்தை உள்ளறைத் தொட்டிலில் இருந்தது.

கங்கம்மா அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "குழந்தையைத் தூக்கு. எல்லாரும் தெருவுக்குப் போங்க. மெயின் எங்கே?" புஷ்பலதா வராந்தாவைக் காட்டினாள். கங்கம்மா மெயினை இறக்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. உறுமல் நிற்கவில்லை.

கிழங்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று தோன்றியது. தன் வாயால் வைக்கச் சொன்னது, தன் கையால் எடுத்துவிடலாம். உள்ளே இரண்டடி வைத்தவளைப் பின்னாலிருந்து ஷடக்ஷரி இடுப்போடு பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தொடாதே! உள்ள இருக்கறது தண்ணி இல்ல. எடுத்தா ஆவி உன் கை எலும்பு வரைக்கும் வேக வைக்கும். குழாயையும் யாரும் திறக்கக்கூடாது. கரண்ட் போயிடுச்சுல்ல? இனி அதுவா ஆறணும். நாம தள்ளி நிக்கணும்." இரண்டு வருடமாக அவள் கேட்காத குரல் அது. எந்த வீடு என்று தெரியாதவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது.

தெருவில் நின்றார்கள். சுற்றிலும் மற்ற வீடுகளில் மணியடித்துப் பூஜை. குழந்தை பாலுக்கு அழுதது. சைத்ரா வேப்பமரத்துக்குப் பின்னால், இம்தியாஸின் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவன் படுதாவை இறக்கிவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றான். கங்கம்மா மாடிப்படியின் கான்கிரீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் வீட்டில் ஆள் இல்லை, ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

பத்து நிமிடம் இருக்கும். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு நீண்ட சீறல். குளியலறைக் கதவு வழியாக வெள்ளையாக ஆவி புரண்டு வந்தது. சைத்ரா அலறினாள்.

"சரி, சரி. வால்வு திறந்துடுச்சு" என்றார் ஷடக்ஷரி. "கிழங்கு வெந்து போயிடுச்சு. தள்ளிடுச்சு."

சீறல் அடங்க அரைமணி நேரம் ஆயிற்று. எதிர்ச் சுவரில், ஒரு மனிதர் குனிந்து குளித்தால் முகம் வரும் உயரத்தில், மஞ்சள் அப்பியிருந்தது. ஓடு விரிசல் விட்டிருந்தது. கிழங்குக்குப் பதிலாக யாராவது இரும்பு மூடியைத் திருகியிருந்தால் தொட்டியே கிழிந்திருக்கும், மாடிப்படியும் நின்றிருக்காது.

புஷ்பலதா அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான், நான்தான். ஒழுகக்கூடாதுன்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். வீட்டுக்கு வந்த பிள்ளையை நானே..."

கங்கம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். அப்படியே விட்டுவிடலாம். ஆமாம்மா, வால்வை அடைக்கக்கூடாது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, தெர்மோஸ்டாட்டை "சோதிக்கிற" சாக்கில் மாட்டிவிட்டுப் போய்விடலாம். ஒருவருக்கும் தெரியாது. அந்த அம்மாள் ஆயுசு முழுக்க அழுவாள், அவ்வளவுதான்.

"நீங்க இல்லம்மா" என்றாள். "கிழங்கை வைக்கச் சொன்னது நான், போன்ல. உங்க மருமகளைக் கேளுங்க. தெர்மோஸ்டாட்டை மாட்டாம வயரை முறுக்கிட்டு வந்தது இவர். இவருக்கு மறதி நோய். ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். தெரிஞ்சே உங்க வீட்டுக்கு அனுப்பினேன்."

ஷடக்ஷரி அவளைப் பார்த்தார். கோபமா, புரியவில்லையா என்று அந்தப் பார்வையில் தெரியவில்லை.

புஷ்பலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பச்சை உடம்புக்காரி இருக்கற வீடு. தெரிஞ்சேவா அனுப்பினே?" குளியலறைப் பக்கம் கையைக் காட்டினாள். "முடிச்சுட்டுக் கிளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

தொட்டியை வடித்து, மூடியைக் கழற்றி, முறுக்கைப் பிரித்து, புதிய தெர்மோஸ்டாட்டைக் கங்கம்மாவே மாட்டினாள். டார்ச்சை அவர் பிடித்தார். வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. "இங்கே, இங்கே" என்று அவள் இரண்டு தடவை அவர் மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. முள்ளை அறுபதில் வைத்தாள். தண்ணீர் நிரம்பி, சூடேறி, ஒரு டிக் சத்தத்தோடு விளக்கு அணைந்தபோதுதான் எழுந்தாள். வால்வு சொட்டியது. இந்த முறை யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

விடியற்காலையில் அவள் வீட்டு அண்டா கொதித்தது. தெருவில் பட்டாசு. அவர் தலையில் எண்ணெயைத் தேய்த்து உட்கார வைத்து, வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் விளாவி, முழங்கையை நனைத்துச் சூடு பார்த்து ஊற்றினாள். ஆறு மணிக்குள் போன் ஐந்து முறை அடித்தது. சூடு வரவில்லை, ஸ்விட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, தண்ணீர் துருவாக வருகிறது. ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னாள். அவர் இனி வர மாட்டார், வேற ஆளைப் பாருங்க. ஷாக் அடிக்கிறவர்களிடம் மட்டும், மெயினை இறக்கிவிட்டு அப்புறம் வேற ஆளைப் பாருங்க. நாளை யார் வேலை செய்வது, என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் தனியாகப் போனால் யாராவது கதவைத் திறப்பார்களா என்பதும் தெரியவில்லை.

ஆறாவது முறை அடித்து அவள் எடுத்துப் பேசியபோது அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, நுரைக்குள்ளிருந்து கேட்டார். "யாரு அது? எந்தக் கீசர்?"

"யாரோ. கீழ சொட்டுதாம்."

"சொட்டட்டும்னு சொல்லு" என்றார். "சொட்டணும். நின்னாத்தான் நம்மளைக் கூப்பிடணும்."